மைக்கேல் மெக்டொனால்டுக்கு ஒட்டுத்தாடி: நிஜப் பாடகரைக் கேலித் தொடருக்குள் கொண்டுவரும் வழிகள்

உயிரோடு இருக்கிற, பெயர்பெற்ற ஒரு இசைக்கலைஞரை வைத்து நகைச்சுவைத் தொடர் எழுத வேண்டும். எப்படிச் செய்வது? அவர் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேறொருவரை நடிக்கவிடலாம். பெயரை மாற்றி, யாரைச் சொல்கிறோம் என்று பார்க்கிறவர்களே புரிந்துகொள்ளட்டும் என ஒரு கற்பனைக் குழுவை உருவாக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் அந்தக் கலைஞரையே அழைத்து வந்து கேமரா முன்னால் நிறுத்தலாம். மூன்று வழியிலும் ஆட்கள் போயிருக்கிறார்கள். அதிலும், மூன்றும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தின் மேல் நடந்திருக்கின்றன. 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் சாஃப்ட் ராக், அதாவது மென்மையான ராக் இசை, பாடிக்கொண்டிருந்த தாடிக்காரர்கள்தான் அந்தக் கூட்டம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆபத்தானது என்று பலரும் ஒதுக்கிவைக்கிற முதல் வழிதான், அதாவது நிஜப் பெயர் வழிதான், மூன்றிலும் நேர்மையானது. பெரும்பாலும் அன்பானதும் அதுவே. ஆனால் அதை எல்லாரும் செய்துவிட முடியாது.

முதலில் அந்த இசைக்கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கென்னி லாகின்ஸ், மைக்கேல் மெக்டொனால்டு, கிறிஸ்டோஃபர் கிராஸ், டோட்டோ குழு, ஸ்டீலி டான், டூபி பிரதர்ஸ். பெயர் தெரியாவிட்டாலும் பாட்டு எங்கேயாவது காதில் விழுந்திருக்கும். இவர்களிடம் ஒரு விசேஷம்: ஒருவர் ஆல்பத்தில் இன்னொருவர் இல்லாமல் இருக்க மாட்டார். ஸ்டீலி டானோடு மேடையேறிக்கொண்டிருந்த மெக்டொனால்டு, டூபி பிரதர்ஸின் பாடகர் டாம் ஜான்ஸ்டன் உடல்நலம் கெட்டு ஒதுங்கியபோது 1975-ல் அந்தக் குழுவுக்குள் வந்தார். வந்த பிறகும் ஸ்டீலி டானின் 1977 ஆல்பமான 'ஏஜா'வில் 'பெக்' பாட்டுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். கிராஸின் 'ரைட் லைக் த விண்ட்' பாட்டிலும் அவர் குரல் உண்டு. டோட்டோ ஆட்கள் பாதிப் பேர் 1982-ல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் வாசித்திருக்கிறார்கள். அதில் வரும் 'ஹ்யூமன் நேச்சர்' பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் டோட்டோவின் ஸ்டீவ் போர்காரோ. யார் பாடினார், யார் வாசித்தார் என்று போட்டிருக்கும் இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் உள்ள எவருக்கும் இது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் மாதிரித் தெரியும். கூட்டுக் குடும்பம் என்றால் கதைக்குப் பஞ்சமா?

அந்த உறைகளைப் படித்தவர்கள்தான் 2005 ஜூனில் 'யாட் ராக்' (யாட் என்றால் உல்லாசப் படகு) என்ற குறுந்தொடரைத் தொடங்கினார்கள். ஜே. டி. ரிஸ்னர், ஹண்டர் ஸ்டேர், லேன் ஃபார்னம் மூவரும் முக்கியமானவர்கள். அரங்கேறிய இடம் சேனல் 101. டான் ஹார்மனும் ராப் ஷ்ராபும் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திவந்த மாதாந்திரத் திரையிடல் அது. யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு எபிசோட் எடுத்துக்கொண்டு வரலாம். கூடியிருக்கிறவர்கள் வாக்களிப்பார்கள். முதல் ஐந்து இடம் பிடித்தவை அடுத்த மாதம் புது எபிசோடோடு வரலாம், மற்றவை அன்றோடு முடிந்தன. 'யாட் ராக்' ஒரு வருடம் தாக்குப்பிடித்து, 2006 ஜூனில் வாக்கில் பின்தங்கி நின்றுபோனது. அதற்குள் பத்து எபிசோட் வந்துவிட்டன. இணையத்தில் ஆட்கள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததால் பிறகு தனியாக இன்னும் இரண்டு எடுத்தார்கள்.

அதில் எல்லாருக்கும் நிஜப் பெயர்தான். ரிஸ்னரே மெக்டொனால்டாக நடித்தார், ஸ்டேர் லாகின்ஸாக. பின்னாளில் 'ரிக் அண்ட் மோர்ட்டி' கார்ட்டூன் தொடரை ஹார்மனோடு சேர்ந்து உருவாக்கிய ஜஸ்டின் ராய்லண்ட்தான் கிறிஸ்டோஃபர் கிராஸ். தாடியும் மீசையும் ஒட்டியவை என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு எபிசோடையும் 'ஹாலிவுட் ஸ்டீவ்' என்ற ஒருவர் முகத்தைத் துளியும் மாற்றாமல் வரலாற்று நிகழ்ச்சி வழங்குகிற தோரணையில் அறிமுகம் செய்வார். அவர் பெயர் ஸ்டீவ் ஹியூயி, நிஜ வாழ்க்கையில் ஆல்மியூசிக் தளத்தின் இசை விமர்சகர். பொய்க் கதைக்கு உண்மையான விமர்சகரையே கட்டியம் கூற வைத்தது எனக்கு மிகவும் பிடித்த குறும்பு.

முதல் எபிசோடின் கதை 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்' என்ற பாட்டு எப்படிப் பிறந்தது என்பது. நிஜத்தில் நடந்ததை லாகின்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். சேர்ந்து பாட்டு எழுதலாம் என்று மெக்டொனால்டு வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறார். கதவைத் தட்டும் முன்பே உள்ளே பியானோவில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அது பாதியில் நிற்கிறது. மிச்சப் பாதி வாசலில் நிற்கிறவரின் மண்டைக்குள் தானாக ஓடி முடிகிறது. அப்புறம்தான் கதவைத் தட்டுகிறார். பாட்டை முதலில் 1978-ல் லாகின்ஸ் தன் ஆல்பத்தில் பாடினார். அதே வருடக் கடைசியில் டூபி பிரதர்ஸ் பாடிய வடிவம் வந்து, 1979-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்து, 1980 கிராமி விழாவில் அந்த ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு என்ற இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கியது.

தொடர் இந்தச் சங்கதியை எடுத்து, 'மென்மையான இசை' என்பது ஏதோ உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய மதம் மாதிரியும், மெக்டொனால்டும் லாகின்ஸும் அதன் வீரர்கள் மாதிரியும் ஊதிப் பெரிதாக்கியது. நடந்தது நடந்தபடி அடியில் இருக்கிறது: யார் எழுதினார், யாரோடு எழுதினார், எந்த ஆல்பம், எந்த வருடம். அதற்கு மேலே கட்டியது முழுக்க அபத்தம். இடையில் 'ஒருவேளை இப்படியும் நடந்திருக்கலாமோ' என்று சந்தேகப்பட இடமே இல்லை. நிஜப் பெயர் வழியின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். பொய் சின்னதாக இருந்தால் அது வதந்தி. அதையே மலையளவு பெரிதாக்கிவிட்டால் கதையாகிவிடுகிறது, யாருக்கும் அவதூறாகப் படுவதில்லை.

இன்னொரு உதாரணம், ஹால் அண்ட் ஓட்ஸ். பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த இரட்டையர். நிஜத்தில் பெரும்பாலும் முன்னால் நின்று பாடுகிறவர் டாரில் ஹால். மீசைக்காரரான ஜான் ஓட்ஸ் பக்கத்தில் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார். தொடரில் இந்தக் கணக்கு தலைகீழ். ஓட்ஸ்தான் வாயைத் திறந்தாலே வசை பொழிகிற ரவுடி, ஹால் அவருக்கு அடங்கிப்போகிறவர். கலிஃபோர்னியாவின் மென்மையானவர்களை வம்புக்கு இழுக்கிற பேட்டை ஆட்களாக இருவரும் வருகிறார்கள். இதைப் பார்த்து ஓட்ஸ் கோபப்படவில்லை. தங்கள் குழு மறுபடி பேசப்படத் தொடங்கியதே இந்தத் தொடரால்தான் என்கிற அளவுக்கு ஒரு பேட்டியில் பாராட்டிப் பேசினார். ஹால் வேறு மாதிரி. கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் செய்த கேலி திடீரென்று ஓர் இசை வகையாகிவிட்டது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எரிச்சலோடு சொன்னார். ஒரே கேலி, ஒரே குழு, இரண்டு எதிர்வினை. நீங்கள் எவ்வளவு அன்போடு எழுதினாலும் எதிரில் இருப்பவர் ஓட்ஸ் மாதிரி எடுத்துக்கொள்வாரா, ஹால் மாதிரி எடுத்துக்கொள்வாரா என்பது உங்கள் கையில் இல்லை. (இந்த இருவரும் 2023-ல் தங்கள் கூட்டு நிறுவனத்தின் பங்கை விற்பது பற்றி நீதிமன்றப் படியேறியது தனிக் கதை. அப்படி ஒரு கிளைமாக்ஸை ரிஸ்னர் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.)

மெக்டொனால்டு இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதும் முக்கியம். அவருக்கும் சிரிப்பு வந்தது, சில இடங்களில் விநோதமாக உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது என்றும் சொன்னார். அந்த 'பக்கத்தில்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சிகள் எல்லாம் பொய்தான், ஆட்களின் குணம் மட்டும் சரியாக விழுந்திருக்கிறது. மிமிக்ரிக்காரர்கள் பலரிடம் இது தலைகீழாக நடக்கிறது. குரலையும் தோளைக் குலுக்குவதையும் அச்சாகப் பிடித்துவிடுவார்கள், ஆனால் அந்த ஆள் எதற்காக அப்படி இருக்கிறார் என்பது தெரியாது.

மிமிக்ரி என்றதும் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 'யாட் ராக்' வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பு, கனடாவின் எஸ்.சி.டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகர் ரிக் மொரானிஸ் மெக்டொனால்டாக வந்தார். கிறிஸ்டோஃபர் கிராஸ் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்டொனால்டு காரில் அரக்கப்பரக்க ஓட்டி வந்து, ஸ்டுடியோவுக்குள் ஓடி, ஹெட்ஃபோனை மாட்டி, தன் பங்கான அந்த ஒற்றை வரியைப் பாடுகிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அதற்குள் ஒரு முழுத் தொழிலின் நிலவரம் இருக்கிறது: அந்தக் காலத்தில் ஊரில் எந்தப் பாட்டுக்கும் பின்னணிக் குரல் வேண்டுமென்றால் இந்த ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். மொரானிஸும் உறையின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறார் என்பது தெரிகிறது. இரண்டு மூன்று நிமிடக் காட்சிக்கு இந்த ஒரே கருத்து போதும். தொடராக நீட்டினால் போதாது, அதற்கு உறவும் பகையும் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு நல்ல கருத்து மட்டும் என்றால் தயவுசெய்து தொடர் எழுதாதீர்கள், ஒரே காட்சியாக எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, இரண்டாவது வழி. பெயரை மாற்றுவது.

இதே சாஃப்ட் ராக் மேல் செய்ததில் சிறந்த உதாரணம் 'டாக்குமெண்டரி நவ்' தொடரில் 2015-ல் இரண்டு பகுதியாக வந்த ப்ளூ ஜீன் கமிட்டி கதை. ஃப்ரெட் ஆர்மிசனும் பில் ஹேடரும் நடித்தது. ஈகிள்ஸ் குழுவைப் பற்றி 2013-ல் வந்த நீண்ட ஆவணப்படத்தின் சாயலில் எடுத்த போலி ஆவணப்படம். சிகாகோவின் சாசேஜ் தொழிலோடு தொடர்புள்ள இரண்டு பேர் கலிஃபோர்னியக் கடற்காற்றைப் பற்றிப் பாடிப் பெரிய ஆளாகிறார்கள், அப்புறம் வழக்கம்போல் மனஸ்தாபம், பிரிவு, பணம். அந்தக் குழு 2011-லேயே 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஒரு துண்டுக் காட்சியாக வந்ததுதான். இந்த முறை அவர்கள் பெயரில் 'கேட்டலினா ப்ரீஸ்' என்று ஒரு சிறிய இசைத்தட்டும் வந்தது.

இதன் பலம் வெளிப்படையானது. கதாபாத்திரத்தை எவ்வளவு கேவலமாகவும் நடக்க வைக்கலாம். சுயநலக்காரர், ஏமாற்றுக்காரர், கூட்டாளிக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்குகிறவர் என்று எதை எழுதினாலும் யாரும் 'என்னைச் சொல்கிறாயா?' என்று கேட்க முடியாது. கேட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இசைத் தொழிலின் அழுக்கைத்தான் கேலி செய்யப் போகிறீர்கள், தனி ஆளை அல்ல என்றால் இந்த வழியை விட்டு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். துயரத்துக்கும் இங்கே இடம் உண்டு. ப்ளூ ஜீன் கமிட்டி கதை கடைசியில் உண்மையிலேயே மனதைத் தொடுகிறது. 'யாட் ராக்' அதை முயன்றிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும்; நிஜ மனிதரின் துக்கத்தை ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு நடிக்க முடியாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் கணக்கில் வைப்பதில்லை. கற்பனைக் குழு என்றால் கற்பனைப் பாட்டும் வேண்டும். அந்தப் பாட்டு நிஜமாகவே நன்றாக இருக்க வேண்டும். 'இவர்கள் இவ்வளவு புகழ்பெற்றது எப்படி?' என்று பார்க்கிறவர் ஒரு நொடி யோசித்துவிட்டால் கதை சரிந்துவிடும். ஆர்மிசன் நடிகராவதற்கு முன்பு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், அவருக்கு இது கைவந்தது. 1984-ல் 'ஸ்பைனல் டாப்' என்ற கற்பனை ராக் குழுவைப் பற்றிப் போலி ஆவணப்படம் எடுத்தவர்களும் அப்படித்தான். தாங்களே வாசித்துப் பாடியதால்தான் பிறகு நிஜக் குழுவாகவே மேடையேறவும் ஆல்பம் போடவும் முடிந்தது. உங்கள் கூட்டத்தில் அப்படி மெட்டுப் போடத் தெரிந்தவர் இல்லையென்றால் இந்த வழி பாதியில் கவிழும்.

மெட்டுப் போடத் தெரிந்தவர் இருந்தாலும் தொல்லை வரலாம். பீட்டில்ஸைக் கேலி செய்ய எரிக் ஐடிலும் நீல் இன்னஸும் 'ரட்டில்ஸ்' என்ற கற்பனைக் குழுவை உருவாக்கி 1978-ல் தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனே அதில் ஒரு நிருபராகத் தலைகாட்டினார், அந்த அளவுக்கு நட்பு. ஆனால் பாடல்களின் உரிமை பீட்டில்ஸிடம் இல்லை, ஏ.டி.வி. மியூசிக் நிறுவனத்திடம் இருந்தது. இன்னஸின் பாட்டுகள் அசல் பாட்டுகளுக்கு ரொம்பவே கிட்டத்தில் இருக்கின்றன என்று அந்த நிறுவனம் வழக்குப் போட, ராயல்டியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆட்களின் பெயரை மாற்றினார்கள், யாரும் புண்படவில்லை. மாட்டியது மெட்டு. பெயரை மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மூன்றாவது வழியை அதிகம் பேச வேண்டியதில்லை. கலைஞரையே அழைத்து வருவது கறிவேப்பிலை மாதிரி: தாளிப்பில் போட்டால் மணக்கும், அதையே குழம்பாக வைக்க முடியாது. ப்ளூ ஜீன் கமிட்டி கதையில் கென்னி லாகின்ஸும் டாரில் ஹாலும் தாங்களாகவே வந்து, இல்லாத அந்தக் குழுவைப் பற்றி நிஜம்போலப் பேசுகிறார்கள். (தன் மேல் ஒட்டிய கேலியைப் பற்றி எரிச்சல்பட்ட அதே ஹால்தான். அழைத்துக் கேட்டால் மனிதர்கள் வேறு மாதிரி.) 'ஆர்ச்சர்' கார்ட்டூன் தொடர் பல வருடம் லாகின்ஸ் பாடிய 'டேஞ்சர் ஸோன்' பாட்டை வைத்து அவரைக் கிண்டல் செய்துவிட்டு, 2014-ல் அவரையே குரல் கொடுக்க வைத்தது. இப்படி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றால் அருமை. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் தெரியுமா? வந்தவர் தன்னை எவ்வளவு கேலி செய்யலாம் என்று தானே அளவு வைப்பார். அவருடைய மேலாளரும் ஒரு அளவு வைப்பார். மிஞ்சுவது, 'பாருங்கள், எனக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு' என்ற விளம்பரம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கார்ரெட் ப்ரைஸ் இயக்கி 2024-ல் எச்.பி.ஓ.வில் வந்த ஆவணப்படம், கேலியாகப் பிறந்த அந்த 'யாட் ராக்' என்ற பெயரையே தலைப்பில் வைத்து, அந்த இசையை முறையாகப் பதிவு செய்தது. மெக்டொனால்டு, லாகின்ஸ், கிராஸ், டோட்டோவின் ஸ்டீவ் லூகதர் எல்லாரும் நல்ல மனதோடு பேசியிருக்கிறார்கள். ஸ்டீலி டானின் டொனால்ட் ஃபேகனை இயக்குநர் தொலைபேசியில் அழைக்கிறார். விஷயம் 'யாட் ராக்' என்று தெரிந்ததும் ஃபேகன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறார். படத்தில் அதிகம் பேசப்பட்ட இடம் அதுதான். உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேட்டி எடுத்திருந்தாலும் ஃபேகனை இவ்வளவு கச்சிதமாகக் காட்டியிருக்க முடியாது. மறுக்கிறவரும் ஒரு காட்சியைத் தருகிறார், ஆனால் அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாதே.

இப்போது சட்டம். வழக்கறிஞர் இடத்தில் நின்று பேசவில்லை, தேர்வு செய்கிறவர் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும். அமெரிக்காவில் நிஜப் பெயர்க் கேலிக்குப் பெரிய கவசம் 1988-ல் வந்த ஹஸ்லர் பத்திரிகை வழக்கின் தீர்ப்பு. மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல்லைப் பற்றி அந்தப் பத்திரிகை மிக ஆபாசமான ஒரு போலி விளம்பரம் போட்டது. யாரும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொதுவாழ்வில் இருப்பவர் மனம் புண்பட்டார் என்பதற்காக மட்டும் நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பொய் மலையளவு இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது எழுத்து நயத்துக்காக மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும். பாட்டைப் பகடி செய்வது பற்றி டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில் 1994-ல் வந்த தீர்ப்பும் பகடிக்காரர்களுக்குச் சாதகமானதுதான். ஆனால் அது அசலையே கேலி செய்கிற பகடிக்கு. அசல் பாட்டை அப்படியே பின்னணியில் ஓடவிடுவது வேறு விஷயம்.

நம் ஊரில் எடுக்கப் போகிறவர்கள் அமெரிக்கத் தீர்ப்பை நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம். ரஜினிகாந்த் பெயரைத் தலைப்பில் வைத்து எடுத்த ஒரு இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் அவருடைய பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தது. படம் வேறு பெயரில்தான் வெளியானது. காசு வாங்கித் திரையிடுகிற படத்துக்கும் நண்பர்கள் கூடி எடுக்கிற ஐந்து நிமிடக் குறும்புக்கும் நடைமுறையில் வித்தியாசம் உண்டு, ஆனாலும் இங்கே நிஜப் பெயர் வழியில் போகிறவர் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதுதான் அந்த வழிக்கு எதிரான வலுவான ஒரே வாதம்.

பாட்டின் உரிமையும் இப்போது பழைய மாதிரி இல்லை. 'யாட் ராக்' பாதிச் சிரிப்பை அசல் பாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது. அபத்தமான சண்டை முடிகிற இடத்தில் நமக்குத் தெரிந்த அந்தப் பாட்டு கிளம்பும், உடனே 'ஓ, இப்படித்தான் பிறந்ததா!' என்று சிரிப்பு வரும். 2005-ல் லாப நோக்கமில்லாத ஒரு திரையிடலில் அதைச் செய்துவிட்டார்கள். இன்று யூடியூபில் ஏற்றினால் இயந்திரமே சில நிமிடத்தில் பாட்டைக் கண்டுபிடித்து, விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும், அல்லது வீடியோவையே முடக்கிவிடும். பாட்டு இல்லாமல் நிஜப் பெயர்க் கதை எழுதினால் நொண்டும். எனவே கையில் காசும் அனுமதியும் இல்லை, மெட்டுப் போடத் தெரிந்த நண்பர் மட்டும் இருக்கிறார் என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு கற்பனைக் குழுவுக்குப் போய்விடுங்கள். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

ஏன் வருத்தம் என்றால், கற்பனைக் குழு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அசலுக்குத் திரும்பிப் போக வைப்பதில்லை. ப்ளூ ஜீன் கமிட்டியைப் பார்த்தவர் அந்தக் குழுவை ரசித்துவிட்டு எழுந்து போவார். 'யாட் ராக்' பார்த்தவர் எழுந்து போய் டூபி பிரதர்ஸ் கேட்டார். 2005-ல் மெக்டொனால்டின் நிலைமை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதே வருடம் வந்த 'ஃபார்ட்டி இயர் ஓல்ட் வர்ஜின்' படத்தில், மின்சாதனக் கடையில் ஓயாமல் ஓடுகிற அவருடைய கச்சேரி டிவிடியைப் பார்த்துப் பார்த்து வேலைக்காரர் ஒருவர் வெறுத்துப்போவதுதான் நகைச்சுவை. அதுதான் அன்றைய பொதுக் கருத்து. அடுத்த சில வருடங்களில் காற்று திசை மாறியது. தொடரின் பெயரே இசை வகையின் பெயராகி, 2015-ல் சிரியஸ் எக்ஸ்.எம். வானொலி அந்தப் பெயரில் தனி அலைவரிசை தொடங்கியது. 2017-ல் தண்டர்கேட் என்ற இசைக்கலைஞர் தன் பாட்டு ஒன்றில் லாகின்ஸையும் மெக்டொனால்டையும் சேர்த்துப் பாட வைத்தார். எல்லாப் புகழும் அந்த ஒட்டுத்தாடிக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிஜப் பெயரை வைத்ததால்தான் கேலி ஒரு முகவரியாகவும் வேலை செய்தது.

நிஜப் பெயரில்தான் எழுதுவேன் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சில நடைமுறைகள். ஒப்பனைக்குச் செலவு செய்யாதீர்கள். தத்ரூபமாக ஆக்கினால் பார்க்கிறவர் மூக்கு சரியில்லை, கண் சரியில்லை என்று ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். மலிவான விக், 'இது பொய்' என்று ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டே இருக்கும். சட்டத்துக்கும் நல்லது, சிரிப்புக்கும் நல்லது.

உண்மை எங்கே ஏற்கெனவே அபத்தமாக இருக்கிறதோ அங்கே கை வைக்காதீர்கள். டூபி பிரதர்ஸில் கிட்டார் வாசித்த ஜெஃப் 'ஸ்கங்க்' பாக்ஸ்டர் பின்னாளில் அமெரிக்க அரசுக்கு ஏவுகணைத் தடுப்பு ஆலோசகரானார். இதற்கு மேல் என்ன நகைச்சுவை எழுதுவது? 1981-ல் கிறிஸ்டோஃபர் கிராஸ் கிராமியின் நான்கு முதன்மை விருதுகளையும் ஒரே இரவில் வாங்கியதும் அப்படித்தான். அடுத்து அதை ஒருவர் செய்ய 2020 ஆயிற்று, பில்லி ஐலிஷ். இவற்றை அப்படியே சொன்னாலே போதும்.

எதைத் தொடக்கூடாது என்பதும் உறையின் பின்பக்கத்திலேயே தெரிந்துவிடும். 1979-ல் வந்த லாகின்ஸின் 'திஸ் இஸ் இட்' காதல் பாட்டு மாதிரி ஒலிக்கும், ஆனால் உடல்நலம் குன்றியிருந்த தன் அப்பாவை நினைத்து எழுதியது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு பிறந்த கதையை நான் கேலியாக எழுத மாட்டேன். வேறு நூறு பாட்டு இருக்கிறது.

கடைசியாக, நிஜப் பெயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு கற்பனை ஆள் வேண்டும். 'யாட் ராக்' கூட்டத்தில் அவர் பெயர் கோகோ கோல்ட்ஸ்டீன். இவர்களையெல்லாம் உசுப்பேற்றி, பாட்டு எழுத வைத்து, ஒன்று சேர்க்கிற ஆள். அப்படி ஒருவர் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. தொடர் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே செத்துப்போவது அவர்தான். மற்றவர்கள் அவருக்காக அழலாம், பழிவாங்கக் கிளம்பலாம், ஒப்பாரியாக ஒரு ஹிட் பாட்டு எழுதலாம். சாவு, துரோகம், கடன், போதை என்று நிஜ மனிதர் தலையில் கட்டக்கூடாதது எதுவாக இருந்தாலும் அந்த ஒருவர் தலையில் கட்டிவிடுங்கள். ஒருவர் போதும். இரண்டு மூன்று பேரைச் சேர்த்தால் எது நிஜம், எது நீங்கள் கட்டியது என்று பார்க்கிறவர் குழம்பிப்போவார். அந்தக் குழப்பத்தில்தான் வதந்தி பிறக்கும்.